வெறுங்கையோடு நடந்தவர்

அன்று விடியும் வேளையில் தெற்கிலிருந்து பறைச்சத்தம் கேட்டது. யாருக்கோ முடிந்துவிட்டது என்று எழுந்து முகம் கழுவிப் பின்வாசல் கதவைத் திறந்துவைத்தேன். யாருக்கு என்று சொல்ல வேம்புலி வருவார். நான் நசரத்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இந்த நாற்பது ஆண்டுகளில் அது மாறியதே இல்லை. முதலில் சத்தம் வரும். காப்பி ஆறுவதற்குள் ஆள் வருவார்.

காப்பி ஆறியது. அவர் வரவில்லை. கோழிகளைத் திறந்துவிட்டேன். முற்றத்தில் நடந்தேன். மறுபடியும் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஏழு மணியாயிற்று, எட்டு மணியாயிற்று. நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் மணி அடித்த பிறகு வருகிற பெண்கள் முழங்காலில் நிற்கவேண்டும். அந்த வளர்ப்பு எனக்கு. வந்ததும் அவரை எப்படிக் கடிந்துகொள்வது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்துவிட்டேன்.

எட்டரை மணிக்கு என் சமையற்காரி ஆரோக்கியம் பால் செம்போடு வந்தாள்.

"எங்கேடி அந்த வேம்புலி? சாவு விழுந்து மூணு மணி நேரமாச்சு. இன்னும் வந்து சொல்லலையே."

அவள் செம்பை இறக்கிவைத்தாள்.

"அவரு எப்டிம்மா வருவாரு? பறையே அவருக்குத்தாம்மா அடிக்கறாங்க."

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். பேனாவில் மை இல்லை என்று எழுந்தேன், இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள் என்று எழுந்தேன், யாரும் இல்லை. ஆனாலும் எழுதவேண்டும். வேம்புலியை இந்தப் பக்கத்தவர்களான நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவரைப் பார்க்காதவர்களும் இல்லை, பார்த்ததும் நெஞ்சு பதறாதவர்களும் இல்லை. சாவு சொல்வது அவருடைய முறை. அவருடைய தகப்பனாருக்குப் பிறகு அவருக்கு வந்தது. எங்கள் மாதா கோவிலில் துக்கமணி அடித்தால், அது கேட்கும் தூரம்வரை மணி; அதற்கு அப்பால் வேம்புலி. இந்துக்களுக்கும் அவர்தான், கிறிஸ்தவர்களுக்கும் அவர்தான். அம்பத்தூர்வரை நடந்தே போய்ச் சொல்லிவிட்டு, எடுப்பதற்குள் திரும்பியும் வந்துவிடுவார். அவர் உயிரோடிருந்தவரை நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தாமதமாக வந்தவள் நான்தான்.

அவர் சாவு சொல்லும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. வாசலுக்கு வெளியே நிற்பார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். முதலில் ஊர், பிறகு வீடு, பிறகு உறவு, அதற்குப் பிறகுதான் பெயர். "தவறிட்டாரு" என்பார், வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. எடுக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குச் சொல்லமாட்டார், கை கழுவும்வரை காத்திருப்பார். சாவு சொன்ன வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போவார். ஒரு தடிகூட இருக்காது. அவர் கையில் ஏதாவது இருந்தால் அது சாவு இல்லை என்று எல்லா ஊர்களுக்கும் தெரியும்.

ஒரு கோடையில் சென்னையிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். அவளுக்காக நுங்கு கொண்டுவரும்படி வேம்புலியிடம் சொல்லியிருந்தேன். மனிதர் வாசல்வரை சுமந்து வந்தவர், வியர்வையைத் துடைப்பதற்காக நுங்குக் குலையை வேலி ஓரம் இறக்கிவைத்துவிட்டார். ஆரோக்கியம் கதவைத் திறக்கும்போது வெறுங்கையோடு நிற்கிறார். அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த என் தங்கை, கணவர் ரயிலில் போயிருக்கிறாரே என்று தரையில் விழுந்து புரண்டாள். பாவம், மனிதர் குலையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "நுங்கும்மா, நுங்குதாம்மா" என்று வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பிறகு வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவருக்குப் பிள்ளை என்று இருந்தது ஒரே மகள், அஞ்சலை. சேக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளைப் பார்க்கப் புறப்பட்டால் வழியெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்து, "யாருக்கு, யாருக்கு" என்று கேட்பார்கள். அதனால் தன் கூரையில் காய்த்த பரங்கிக்காய் ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போவார். காய் இல்லாத மாதங்களில் மகளைப் பார்க்கப் போகமாட்டார். ஒரு முறை நான் கேட்டேன், சின்னதாக ஏதாவது எடுத்துப் போனால் என்ன என்று. "தூரத்துலேர்ந்தே தெரியணும் தாயே. கிட்ட வந்து பாத்து தெரிஞ்சிக்கறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது அவங்களுக்கு" என்றார்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதானதல்ல.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனவர் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். வெளியூரிலிருந்து வரும் செய்தியையும் வாசலில் நின்று சொல்லவேண்டியவர் வேம்புலிதான். அவர் வந்தபோது நான் நெல் அறையைத் திறக்கச் சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன். படுக்கையில் கிடந்த என் கணவரின் பெரியப்பாவுக்குத்தான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கையில கீறத கீழ வெச்சிட்டு கேளுங்க தாயே" என்றார்.

"எதுக்கு? வந்ததைச் சொல்லு."

"சாவியக் கீழ வைங்க தாயே."

"என் சாவியை எங்கே வைக்கணும்னு நீ எனக்குச் சொல்றியா?"

அவர் பதில் பேசவில்லை, போகவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன். வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் சாவிக்கொத்தைப் படியில் எறிந்தேன். அது விழுந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். ஊர், வீடு, உறவு, பெயர்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான் மணியக்காரரிடம் ஆள் அனுப்பினேன். கணவனை இழந்து நிற்கும் பெண்ணை, அவள் வேலைக்காரர்கள் முன்னிலையில், தனக்குப் பணியவைத்துத்தான் அவன் செய்தியைச் சொன்னான் என்று சொல்லச் சொன்னேன். வேம்புலியை மணியக்காரர் வீட்டு வாசலில் அரை நாள் வெயிலில் நிறுத்தினார்கள். அவர் ஒரு சமாதானமும் சொல்லவில்லையாம். இரண்டு மாதம் கழித்து வேறொரு சாவு சொல்ல என் வாசலுக்கு வந்தார். என் கையில் செபப்புத்தகம் இருந்தது. "கையில கீறத கீழ வெச்சிட்டு கேளுங்க தாயே" என்றார். அதே சொல், அதே குரல். நான் வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமாக இருந்ததில்லை.

ஆரோக்கியம் சொன்ன பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெற்குச் சேரிக்கு நடந்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் அந்தத் தெருவுக்குள் போனது அதுவே முதல் முறை. அவரை வாசலில் நார்க்கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர், படுத்திருக்கும்போது இன்னும் உயரமாகத் தெரிந்தார். சேரி நாட்டாண்மை கன்னியப்பன் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். ஊர்த் தெருவிலிருந்து வந்திருந்தவர் வண்டிக்கார ஏகாம்பரம் ஒருவர்தான். இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருக்குமே, அவரேதான். இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கிழவி கேட்டாள்: "அஞ்சல இன்னுமா வரல?"

"வந்துகினு இருப்பா" என்றார் கன்னியப்பன். "சேக்காடு இன்னா பக்கத்துலயா கீது?"

என்னால் எதையும் சரிபார்க்காமல் விடமுடியாது. "எப்போ சொல்லி அனுப்பினீங்க?" என்றேன்.

"போயிருக்கும் தாயே."

"யார் போனது?"

கன்னியப்பன் பறை அடிப்பவர்களைப் பார்த்தார். அவர்கள் குழி வெட்டப் புறப்பட்டவர்களைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்து, கடைசியில் எல்லோரும் நார்க்கட்டிலைப் பார்த்தார்கள்.

"சொல்றவரு இங்கதான படுத்துகினு கீறாரு" என்றார் யாரோ. ஒன்றிரண்டு பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ஐம்பது ஆண்டுகளாக இந்த ஊரில் சாவு விழுந்தால் செய்தி தானாகப் போயிற்று. அதனால் யாரும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பூ வந்திருந்தது, மூங்கில் வந்திருந்தது, பறை வந்திருந்தது. மகளுக்கு மட்டும் செய்தி போகவில்லை.

அவருக்கு அடுத்த முறை அவருடைய தம்பி மகனுக்கு. அவன் இந்த யுத்தத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்து எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறானோ. வாலிபர் இருவர் நாங்கள் ஓடுகிறோம் என்று எழுந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் விடவில்லை. "அவரு காலு வேற, உங்காலு வேற. முற இல்லாதவன் சாவு சொன்னா, அந்தச் சாவு அவன் பின்னாலயே ஊட்டுக்கு வரும்டா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னியப்பன் வானத்தைப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். அதுக்கு மேல வெக்க முடியாது. அந்தப் பொண்ணுக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்."

"நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"நீங்களா? தாயே, அது முறயில்ல."

"எனக்குப் பயமில்லை. என் வீட்டுக்கு வரவேண்டிய சாவு ஏற்கனவே வந்துடுச்சு."

ஏகாம்பரம் மாடு பூட்டப் போய்விட்டார்.

பூந்தமல்லி தாண்டி ஆவடிச் சாலையில் திரும்பியதும் பட்டாளத்து லாரிகள். ஒன்று போனால் ஒன்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் வண்டியைச் சாலையை விட்டு இறக்கவேண்டியிருந்தது. நான் உட்கார்ந்தேன், முட்டிபோட்டு எட்டிப் பார்த்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டு ஏகாம்பரம்."

"மாட்டுக்கு நாலு காலுதாம்மா கீது."

கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஒரு தபா அவர வெயில்ல நிக்க வெச்சீங்களாமே?"

"ஆமாம்."

"எதுக்கும்மா?"

"சாவியைக் கீழே வைன்னு எனக்கு உத்தரவு போட்டதுக்கு."

ஏகாம்பரம் கயிற்றை வலது கையில் மாற்றிக்கொண்டு, வளைந்த இடது கையைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே நீட்டினார்.

"எனக்கு அப்போ ஆறு மாசம். எங்க நைனா வேலைக்குப் போன எடத்துல தவறிட்டாரு. எங்கம்மா என்ன இடுப்புல வெச்சிகினு கெணத்தண்ட நின்னுகினு இருந்துது. வேம்புலிக்கு அதான் மொத சாவு. சின்ன வயசு. ஓடியாந்த வேகத்துல சொல்லிட்டாரு. எங்கம்மா கைய உட்டுட்டுது. கெணத்து மேட கல்லு."

லாரி ஒன்று எங்களைக் கடந்து போகும்வரை வண்டியை ஓரமாக இறக்கி நிறுத்தினார்.

"அதுலேர்ந்துதான் அந்தப் பேச்சு. கையில இன்னா இருந்தாலும் சரி, கீழ வெக்கணும். ஊருக்கே தெரியுமேம்மா."

எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியாது. படியில் நான் எறிந்த சாவிக்கொத்தின் சத்தம் அந்த வண்டிக்குள் எனக்குக் கேட்டது. அன்று அதை எறியாமல் கையிலேயே வைத்திருந்தால் என் காலிலேயே விழுந்திருக்கும். அதுகூட அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்காக அரை நாள் வெயிலில் நின்றார்.

சேக்காட்டில் அஞ்சலை வீட்டில் இல்லை. பட்டாளத்துக்குப் போடும் புதுச் சாலையில் ஜல்லி சுமக்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனோம். பெண்கள் கூடையோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நான் குடையோடு இறங்கினேன்.

"அம்மா" என்றார் ஏகாம்பரம். "கையில ஒண்ணும் கூடாது."

பன்னிரண்டு வயதிலிருந்து குடையில்லாமல் நான் தெருவில் நடந்ததில்லை. குடையை வண்டியில் வைத்தேன். செபமாலையைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் என் கைகள் இரண்டும் தொங்கின. சொல்லவேண்டிய வாக்கியத்தை நான் வழியிலேயே திருத்தமாக அமைத்துவைத்திருந்தேன். உண்மையைச் சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்பது எங்கள் கன்னியர்கள் கற்றுக்கொடுத்தது.

அஞ்சலை என்னைக் கவனிக்கவில்லை. வண்டியைத்தான் முதலில் பார்த்தாள். தலையில் ஜல்லிக் கூடை. ஒரு கை அதைப் பிடித்திருந்தது. பல் தெரியச் சிரித்தாள்.

"இன்னா வண்டிக்காரரே, எங்க நைனாவுக்கு காலு தேஞ்சி போச்சா? பரங்கிக்காய வண்டில ஏத்தி அனுப்பிச்சிகீறாரு?"

ஏகாம்பரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் அவள் முன்னால் போய் நின்றேன். வழியில் அமைத்த வாக்கியம் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது, என் பேச்சிலும் இல்லை, அவர் பேச்சில்.

"கையில கீறத கீழ வெச்சிட்டு கேளும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் கூடையைப் பிடித்து, தண்ணீர் நிறைந்த பானையை இறக்குவதுபோல மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள். ஒரு கல்லும் சிந்தவில்லை.

"எப்போ?" என்றாள்.

"விடியக்காலையில."

ஊரும் வீடும் உறவும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

திரும்பும்போது அவள் வண்டியின் பின்புறத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே வா என்றேன். "இருக்கட்டும் தாயே" என்றாள். நான் பின்னால் நகர்ந்து அவள் அருகில் உட்கார்ந்தேன். வெகு நேரம் அழுதாள். பூந்தமல்லி வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்குத் தாகமா கீதா? சாவு சொல்றவங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு எங்க நைனா சொல்லும். அதான் கேக்கல."

"இல்லை" என்றேன். விடிந்ததிலிருந்து நான் எதுவும் குடித்திருக்கவில்லை. எத்தனை ஊர்களிலிருந்து அவர் இந்த வறண்ட நாக்கோடு திரும்பி நடந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். என் கிணறு அவர் போகும் வழியில்தான் இருந்தது.

சூரியன் பனைமரங்களின் தலைக்கு இறங்கிவிட்டிருந்தது. அவரைப் பாடையில் கிடத்திவிட்டார்கள். தூக்குகிறவர்கள் நான்கு மூலையிலும் நின்றார்கள். வண்டியைக் கண்டதும் பறை நின்றது. அஞ்சலை தகப்பனார் முகத்தைத் தடவினாள், வாய்க்கரிசி போட்டாள். எல்லாம் முடிந்தது என்று கன்னியப்பன் கையை உயர்த்தினார். அவள், "இரு பெரியப்பா" என்று எழுந்து குடிசையின் கூரைமேல் கையை விட்டாள். இலைகளுக்கு நடுவில் பரங்கிக்காய் ஒன்று இருந்தது, பாதி வளர்ந்தது. அதைத் திருகி எடுத்து வந்து, அவர் மார்பில் வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் அதன்மேல் சேர்த்துவைத்தாள்.

"பாடையில இன்னாத்துக்குமா பரங்கிக்கா?" என்றார் கன்னியப்பன்.

"வெறுங்கையா அனுப்பக் கூடாது பெரியப்பா. அங்க போயி நின்னா, யாருக்கோ இன்னாவோன்னு அங்க கீறவங்க பயந்துடுவாங்க."

அவரைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். தலைகளுக்கு மேலே அந்தக் காய் அசைந்து அசைந்து போவது வெகு தூரம்வரை தெரிந்தது. தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று அவர் விரும்பியபடியே.

மறுநாள் என் பின்வாசலுக்கு வெளியே, வழிப்போக்கர் எடுத்துக் குடிக்கும்படி ஒரு பானையில் தண்ணீர் வைக்கச் சொன்னேன். அவர் குடிக்கமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். என் மகன் எங்கோ தூரத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியனாக இருக்கிறான். நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் என் வீட்டு வாசலில் நின்றால், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கீழே வைக்கிறேன். எறிவதில்லை; வைக்கிறேன். அதற்குப் பிறகுதான் கையை நீட்டுகிறேன்.